கூரை மழையைக் குடிநீராக்குவது எப்படி? கிராமப்புறப் பள்ளிக்கான முழுமையான வழிகாட்டி

முதலில் தொட்டியைக் கட்டிவிடுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலும் வேலை தொடங்குகிறது. பணத்தின் பெரும்பகுதி தொட்டிக்கே போய்விடும். பீலிக்கும் (கூரை விளிம்பில் ஓடும் கால்வாய்) வலைக்கும் மழையின் அழுக்கான முதல் நீரை ஒதுக்கும் டிரம்முக்கும் மிச்சம் இருக்காது. ஆனால் தண்ணீரைக் குழந்தைகள் குடிக்கலாமா கூடாதா என்பது அந்தச் சின்னச் சாமான்களைப் பொறுத்தது.

வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறோம். கணக்குக்காக ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம்: 120 மாணவர்கள், 8 பெரியவர்கள், 15 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கட்டிடம், இரண்டு பக்கமும் சரிந்த தகரக் கூரை, ஆண்டுக்குச் சராசரியாக 900 மி.மீ. மழை, அதில் நான்கு மாதம் மழையே இல்லை. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

பக்கத்து மழைமானியின் மாதவாரிப் பதிவு, முடிந்தால் பத்து ஆண்டுக்கு உரியது. ஆண்டு மொத்தம் மட்டும் போதாது. மழை எந்த மாதத்தில் நிற்கிறது, எப்போது மீண்டும் தொடங்குகிறது என்பதைக் கொண்டுதான் தொட்டியின் அளவு முடிவாகும்.

கூரையின் நீள அகலம். இதைத் தரையில் அளக்க வேண்டும். சரிவின் மேல் நாடா பிடித்து அளந்தால் பரப்பு கூடுதலாகத் தெரியும். மழை மேலிருந்து நேராக விழுவதால் கணக்குக்கு உதவுவது கூரை தரையில் மறைக்கும் பரப்புதான்.

கூரை விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், தொட்டி நிற்கப்போகும் இடம் கட்டிடத்தைவிட மேடா பள்ளமா என்ற அளவு. டியூப் லெவல் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து எடுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

கைகழுவவும் கழிப்பறைக்கும் வேறு தண்ணீர் இருக்கிறதா என்ற பதில். இது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

2. தேவையும் வரவும்

பகல்நேரப் பள்ளியில் குடிக்க, கைகழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை அளவு. குடிக்க மட்டும் என்றால் 2 லிட்டர் வைத்துத் திட்டமிடலாம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். அது முழுவதும் கைக்கு வராது. தெறிப்பது, ஆவியாவது, முதல் நீராக ஒதுக்குவது எல்லாம் போகத் தகரக் கூரைக்கு 0.8 என்று பெருக்குங்கள். கான்கிரீட் தளமும் ஓட்டுக் கூரையும் இன்னும் கொஞ்சம் குடிக்கும், 0.7 வையுங்கள்.

நம் பள்ளியில் வரவு 150 × 900 × 0.8 = 1,08,000 லிட்டர். இந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. சராசரி என்றால் பல ஆண்டுகளில் அதைவிடக் குறைவாகவே பெய்யும் என்று பொருள். சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 600 மி.மீ. என்று வைத்தால் 72,000 லிட்டர்.

தேவை: 128 பேர் × 2 லிட்டர் = நாளுக்கு 256 லிட்டர். 220 பள்ளி நாளுக்கு 56,320 லிட்டர். வரவு போதும். இதே கூரையிலிருந்து கைகழுவவும் எடுப்போம் என்று ஆளுக்கு 5 லிட்டர் வைத்தால் 1,40,800 லிட்டர் வேண்டும். இரு மடங்கு கூரை இருந்தால்கூடத் தட்டுத்தடுமாறித்தான் எட்டும். அதனால் கூரை நீர் குடிக்க மட்டும் என்று முதல் நாளே முடிவு செய்து எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். தரை கழுவவும் செடிக்கு ஊற்றவும் இந்தத் தொட்டியைத் திறந்தால் கோடையின் பாதியிலேயே அடித்தளம் தெரியும்.

தொட்டி அளவு: நான்கு மாத வறட்சியில் பள்ளி நடக்கும் நாட்கள் 80 என்றால் 80 × 256 = 20,480. மழை தாமதமானால் தாங்க 20 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 24,600 லிட்டர். 25,000 என்று எடுத்துக்கொள்வோம்.

இதை ஒரே தொட்டியாகக் கட்டாமல் 12,500 லிட்டரில் இரண்டாகக் கட்டுங்கள். ஒன்றில் எலி விழுந்தாலோ விரிசல் விட்டாலோ பள்ளிக்குத் தண்ணீர் நிற்காது. கூரையின் ஒவ்வொரு சரிவும் தனித் தொட்டிக்கு இறங்குவதால் குழாய்களும் எளிதாகும்.

3. மட்டக் கணக்கு: இங்கேதான் சறுக்குகிறார்கள்

தொட்டி வாய் பீலியைவிடத் தாழ இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு தாழ என்பதைத்தான் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கூரை விளிம்பு 3 மீட்டர் உயரம் என்று வையுங்கள். பீலியின் சரிவுக்கு 10 செ.மீ. போகும். இலை வடிக்கும் பெட்டிக்கு 20 செ.மீ. அங்கிருந்து தொட்டி வரை போகும் குழாயின் சரிவுக்கு 10 செ.மீ. ஆகத் தண்ணீர் தொட்டிக்குள் நுழையும் உயரம் அதிகபட்சம் 2.6 மீட்டர்.

தொட்டிக்குள்ளும் கழிக்க வேண்டிய உயரம் உண்டு. அடியில் 15 செ.மீ. வண்டலுக்கு, அதற்குக் கீழே தண்ணீர் எடுக்கக் கூடாது. மேலே 10 செ.மீ. வழிந்தோடும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும். ஆக உள்ளுயரத்தில் 25 செ.மீ. பயன்படாத இடம். அடித்தளத்துக்குக் கீழே 40 செ.மீ. மேடை வேண்டும், இல்லாவிட்டால் கழுவிய நீர் வெளியேற வழி இருக்காது.

இப்போது 2.8 மீட்டர் விட்டத்தில் கட்ட நினைத்தால் 12,500 லிட்டருக்கு உள்ளுயரம் 2.3 மீட்டர் வேண்டும். மேடையைச் சேர்த்தால் 2.7. தண்ணீர் ஏறாது, தொட்டியின் மேல் 10 செ.மீ. எந்நாளும் காலியாகவே கிடக்கும். விட்டத்தை 3.2 மீட்டராக்கினால் உள்ளுயரம் 1.8 மீட்டர் போதும், மேடையோடு 2.2. தாராளமாக இறங்கும். பயன்படும் கொள்ளளவு: 8.04 சதுர மீட்டர் × 1.55 மீட்டர், ஏறத்தாழ 12,460 லிட்டர்.

இந்தக் கூட்டலைச் செய்யாமல் உயரமாகக் கட்டிவிட்டுப் பிறகு பீலியை மேலே தூக்கிக் கட்டப் பார்ப்பார்கள். கூரை விளிம்புக்கு மேலே பீலி போகாது.

4. கூரை

தகரம், சுட்ட ஓடு, கான்கிரீட் மூன்றும் குடிநீருக்குச் சரி. ஓலை, வைக்கோல் வேண்டாம். நிறமும் நாற்றமும் இறங்கும், பூச்சிகளுக்கும் வீடு. ஈயம் கலந்த பெயிண்ட் அடித்த கூரை, ஈயத் தகடு வைத்து மூட்டு அடைத்த கூரை, இரசாயனம் ஏற்றிய மரப்பலகை எல்லாம் விலக்க வேண்டியவை. மழைநீரில் தாதுப்பு இல்லை, லேசான அமிலத்தன்மையும் உண்டு. அதனால் உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். கரைந்த ஈயத்தைக் கொதிக்க வைத்தும் நீக்க முடியாது, குளோரின் போட்டும் நீக்க முடியாது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் துளையிடவோ அறுக்கவோ உரசித் தேய்க்கவோ கூடாது. தூசியைச் சுவாசிப்பதுதான் பெரிய ஆபத்து. அது உடைந்து நார் பிரிந்திருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

கூரைக்கு மேல் நீளும் கிளைகளை வெட்டுங்கள். இலை மட்டும் பிரச்சினை அல்ல. கிளையில் பறவை உட்காரும், கிளை வழியாக எலியும் அணிலும் கூரைக்கு வரும், அவற்றின் எச்சத்திலிருந்துதான் வயிற்றுப்போக்குக் கிருமிகள் தொட்டிக்குப் போகின்றன. டிவி ஆண்டெனா, கொடிக்கம்பி போலப் பறவை உட்காரும் எதையும் நீர் பிடிக்கும் சரிவின் மேல் வைக்காதீர்கள்.

புதிதாகப் போட்ட அல்லது புதிதாகப் பெயிண்ட் அடித்த கூரை என்றால் முதல் சில மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விடுங்கள்.

5. பீலியும் இறங்கு குழாயும்

பீலியின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஒரு சதுர செ.மீ. குறுக்குவெட்டு. நம் பள்ளியில் ஒரு சரிவு 75 சதுர மீட்டர். 15 செ.மீ. அகல அரைவட்டப் பீலியின் குறுக்குவெட்டு 88 சதுர செ.மீ., போதும். 160 மி.மீ. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு பீலி கிடைக்கும். 110 மி.மீ. குழாயை அறுத்துப் போட்டால் சாதாரண மழைக்குத் தாங்கும்; கனமழையில் பாதி நீர் வழிந்து போகும். ஆண்டு வரவில் பெரும்பங்கு கனமழையில்தான் வருகிறது.

சரிவு: 15 மீட்டர் நீளத்துக்கும் மீட்டருக்கு 1 செ.மீ. கொடுத்தால் கடைசியில் பீலி 15 செ.மீ. தாழ்ந்துவிடும், அங்கே தண்ணீர் பீலியைத் தாண்டிக் குதிக்கும். முதல் 10 மீட்டருக்கு மீட்டருக்கு அரை செ.மீ., கடைசி 5 மீட்டருக்கு மீட்டருக்கு 1 செ.மீ. என்று வையுங்கள். மொத்த இறக்கம் 10 செ.மீ.தான். கடைசிப் பகுதியில் ஓட்டம் வேகமாவதால் அங்கே சேரும் நீரையும் தாங்கும்.

தாங்கிகள் 60 செ.மீ.க்கு ஒன்று. ஒரு மீட்டருக்கு ஒன்று என்று மிச்சம் பிடித்தால் நிறைந்த பீலியின் கனத்தில் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், அதில் கொசு முட்டையிடும். கட்டி முடித்ததும் மேல் முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பீலியில் எங்கும் குட்டை நிற்கக் கூடாது.

ஒவ்வொரு சரிவுக்கும் 110 மி.மீ. இறங்கு குழாய் ஒன்று. 90 பாகை எல்போவுக்குப் பதில் 45 பாகை இரண்டு போடுங்கள், அடைப்பு குறையும். குழாய்கள் குடிநீர்த் தரத்தில் இருக்கட்டும். மின்கம்பி ஓட்டும் குழாயும் சாக்கடைக் குழாயும் மலிவாகக் கிடைக்கிறது என்று போடாதீர்கள்.

6. வலை, பிறகு முதல் நீர் டிரம், பிறகுதான் தொட்டி

இந்த மூன்றின் வரிசை மாறக் கூடாது. வலை இல்லாமல் டிரம் வைத்தால் இலை போய் டிரம்மின் வடிதுளையை அடைக்கும். துளை அடைத்த டிரம் அடுத்த மழைக்கு நிறைந்தே நிற்கும், அழுக்கு நேரே தொட்டிக்குப் போகும்.

வலைப் பெட்டி: இறங்கு குழாயின் தலையில் 5 மி.மீ. கண்ணுள்ள துருப்பிடிக்காத வலையை 45 பாகை சாய்வாக வையுங்கள். சாய்வாக இருந்தால் இலை தானாகச் சறுக்கி விழும். படுக்கையாக வைத்த வலை ஒரே மழையில் இலைப்பாய் ஆகிவிடும்.

முதல் நீர்: மழை தொடங்கியதும் வரும் தண்ணீர்தான் தூசியையும் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். ஒரு சதுர மீட்டருக்கு குறைந்தது அரை லிட்டர், புழுதி அதிகமான இடத்தில் 1 முதல் 2 லிட்டர் வரை ஒதுக்க வேண்டும். நம் சரிவுக்கு 1 லிட்டர் வீதம் 75 லிட்டர். 100 லிட்டர் டிரம் ஒன்று போதும்.

நீளமான குழாயையே முதல் நீர் ஒதுக்கியாக நிறுத்தும் வழக்கம் உண்டு. 160 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்கு 18 லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். 75 லிட்டருக்கு நான்கு மீட்டருக்கு மேல் வேண்டும். கூரையே 3 மீட்டர்தான். சின்ன வீட்டுக்கு அது சரிப்படும், பள்ளிக்கு டிரம்தான்.

இணைக்கும் முறை: இறங்கு குழாய் தொட்டிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு டீ மூட்டு. டீயின் கீழ்க்கால் டிரம்முக்குள் இறங்கும். டிரம்முக்குள், குழாய் வாயைவிட 2, 3 செ.மீ. பெரிய ரப்பர் பந்து ஒன்று மிதக்கட்டும். டிரம் நிறையும்போது பந்து மேலேறி வாயை அடைக்கும். அதன்பின் வரும் நீர் தொட்டிப் பக்கம் திரும்பும்.

டிரம்மின் அடியில் திருகு மூடி போட்டு அதில் 3 மி.மீ. துளை இடுங்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் டிரம் தானாக வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். துளைக்குப் பதில் வால்வு வைத்தால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது திறக்க வேண்டும். விடுமுறையில் திறக்க ஆள் இருக்காது.

மணல், கரி, ஜல்லி அடுக்கிய வடிகட்டிப் பெட்டியை இங்கே வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வைக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. கனமழையில் அது நீரை விடாது, வழியும். கழுவாமல் விட்டால் ஈரமான அடுக்குகளில் கிருமி வளரும். அதைப் பார்த்துத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நம்பிக் குளோரினை நிறுத்திவிடுவார்கள். அதுதான் பெரிய நட்டம்.

7. தொட்டி

ஃபெரோசிமெண்ட் (கம்பிவலை மேல் சிமெண்ட் பூசியது), செங்கல், கான்கிரீட், பிளாஸ்டிக் எதுவும் ஆகும். எதுவானாலும் கீழே சொல்பவை இருக்க வேண்டும்.

தரைக்கு மேலே நிற்கட்டும். நிலத்தடித் தொட்டியில் விரிசல் விட்டால் கழிவுநீர் உள்ளே ஊறுவது வெளியே தெரியாது.

வெளிச்சம் துளிகூடப் புகக் கூடாது, புகுந்தால் பாசி. வெள்ளை நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி ஒளியை விடும். நீர்மட்டம் பார்க்க வெளியே கண்ணாடிக் குழாய் வைப்பதும் அப்படித்தான். அதற்குப் பதில் மிதவையில் கயிறு கட்டி வெளியே அளவுகோல் வையுங்கள்.

ஆள் இறங்கும் வாய் 60 செ.மீ., விளிம்பு தளத்திலிருந்து 10 செ.மீ. உயர்ந்து, மூடி விளிம்பை வெளியிலிருந்து கவிந்து மூட வேண்டும். பூட்டு கட்டாயம். குழந்தை விழும் ஆபத்து முதல் காரணம். கயிறு கட்டிய வாளி உள்ளே போகாமல் தடுப்பது இரண்டாவது.

வரும் குழாய் தொட்டியின் அடிவரை இறங்கி, முனை மேல்நோக்கித் திரும்பியிருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் வண்டல் கலங்கும்.

வழிந்தோடும் குழாய் வரும் குழாயின் அதே விட்டம். வந்த நீர் போக வழி குறைந்தால் மூடி வழியாகப் பொங்கும். அதன் வாயில் 1 மி.மீ.க்கு மிகாத துருப்பிடிக்காத வலை; காற்றுக்குழாய் வாயிலும் அதுவே. கொசு நுழைய அந்த ஒரு வாய் திறந்திருந்தால் போதும். வழியும் நீர் அடித்தளத்தை அரிக்காமல் தள்ளிப் போய் உறிஞ்சுகுழியில் விழட்டும்.

எடுக்கும் குழாய் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். வண்டல் வால்வு அடித்தளத்தின் தாழ்ந்த மூலையில், 63 மி.மீ.க்குக் குறையாமல். அடித்தளத்தை அந்த மூலையை நோக்கிச் சரித்துப் பூசச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு சரிவு கொடுக்க முடியாது.

நிறைந்த தொட்டியின் தண்ணீர் மட்டும் 13 டன்னுக்கு மேல். கொட்டி நிரப்பிய மண்ணில் மேடை கட்டினால் ஒரு பக்கம் அமிழ்ந்து குழாய் மூட்டுகள் பிளக்கும்.

8. புதுத் தொட்டியைப் பழக்குதல்

சிமெண்ட் பூச்சைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள். பிறகு நிரப்பி, மட்டத்தில் கோடு போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் இப்போதே பிடிபடும்.

முதலில் நிரப்பிய நீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். புதுச் சிமெண்ட் நீரின் காரத்தன்மையை ஏற்றும். சோப்பு போலக் கசக்கும், அதில் குளோரினும் சரியாக வேலை செய்யாது. பி.எச். (காரத்தன்மையின் அளவு) 8.5க்குக் கீழே வரும்வரை நிரப்பி வடியுங்கள்.

கடைசியாகக் கிருமிநீக்கம். 13,000 லிட்டரையும் கடும் குளோரின் நீராக்கி வீணடிக்க வேண்டியதில்லை. 20 லிட்டர் நீரில் 1 சதவீதக் குளோரின் கரைசல் (தயாரிக்கும் முறை ஒன்பதாம் படியில்) 400 மி.லி. கலந்தால் லிட்டருக்கு 200 மி.கி. ஆகும். சுவரிலும் தளத்திலும் தூரிகையால் பூசி 30 நிமிடம் விட்டுக் கழுவி வெளியேற்றுங்கள்.

உள்ளே இறங்குபவர் பெரியவராகவும், கையுறை, கண்ணாடி, முகமூடி அணிந்தவராகவும் இருக்க வேண்டும். மூடியையும் வால்வையும் திறந்து காற்றோட விட்டபின் இறங்கட்டும். மேலே ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். தலை சுற்றினால் உடனே வெளியேற வேண்டும், மேலே நிற்பவர் காப்பாற்றுகிறேன் என்று தானும் குதிக்கக் கூடாது. அதற்காகத்தான் இறங்குபவர் இடுப்பில் கயிறு. மாணவர்களை ஒருபோதும் இறக்காதீர்கள். குளோரினோடு அமிலமோ கழிப்பறைத் திரவமோ கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும்.

9. அன்றைய தண்ணீருக்கு அன்றே குளோரின்

பெரிய தொட்டியில் மொத்தமாகக் குளோரின் கொட்டுவதுதான் எங்கும் காணும் பழக்கம். அது நிலைக்காது. அடிவண்டல் அதைத் தின்றுவிடும், அடுத்த மழை நீர்த்துவிடும், நாள்பட மறைந்துவிடும். குழந்தை குடிக்கும் நேரத்தில் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால்தான் பயன்.

அதனால் 300 லிட்டர் கருநிறத் தொட்டி ஒன்றை 60 செ.மீ. மேடையில் தனியாக வையுங்கள். பெரிய தொட்டியிலிருந்து கைப்பம்பு அல்லது சிறு மோட்டாரால் இதை நிரப்ப வேண்டும். பெரிய தொட்டியின் மட்டம் குறையும்போது தானாக ஓடி நிரம்பாது. மாணவர்கள் குடிக்கும் குழாய்கள் இதில் மட்டும்தான். பெரிய தொட்டியில் வெளிக்குழாய் வைத்தால், தாகம் எடுத்த பிள்ளை கிட்டே இருக்கும் குழாயைத்தான் திறக்கும்.

எத்தனை குழாய்? 120 பேர், ஆளுக்கு 20 விநாடி என்றால் ஒரே குழாயில் 40 நிமிடம். நான்கு குழாய் வைத்தால் இடைவேளைக்குள் முடியும்.

கரைசல் தயாரிப்பு: 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 33 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலக்கித் தெளிய விடுங்கள். மேலே தெளிந்து நிற்பதுதான் 1 சதவீதக் கரைசல். கருநிறப் பாட்டிலில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி, பூட்டி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை புதிதாகத் தயாரிக்க வேண்டும். பாக்கெட்டில் 30 சதவீதம் என்று அச்சிட்டிருந்தாலும் திறந்து கிடந்த பவுடரில் அந்த வீரியம் இருக்காது. ஆகவே அளவை நம்பி நிற்காமல் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளவு கண்டுபிடிக்க: நான்கு வாளிகளில் 20 லிட்டர் வீதம் தொட்டி நீரை எடுங்கள். கரைசலை முறையே 2, 4, 6, 8 மி.லி. ஊற்றிக் கலக்கி மூடுங்கள். 30 நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் மீதக் குளோரினை அளங்கள். லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டும் வாளியின் அளவே உங்கள் அளவு. அது 4 மி.லி. என்றால் 300 லிட்டருக்கு 15 மடங்கு, 60 மி.லி.

அளக்க டி.பி.டி. (குளோரின் இருந்தால் நீரின் நிறத்தை மாற்றும் வேதிப்பொருள்) மாத்திரையோடு வரும் வண்ண ஒப்பீட்டுக் கருவி போதும். மாத்திரையைக் கையால் தொடாமல் போடுங்கள். குழாயில் வரும் நீரில் 0.2 முதல் 0.5 மி.கி. வரை இருக்கட்டும். அதைவிட மிகுந்தால் ஆபத்து என்பதைவிட நாற்றம்தான் பிரச்சினை. பிள்ளைகள் இதைக் குடிக்காமல் வேறு தண்ணீரைத் தேடிப் போய்விடுவார்கள்.

கலங்கிய நீரில் குளோரின் தோற்கும். அடர்த்தியாக நெய்த துணியை நான்காக மடித்து வடித்தும் தெளியாவிட்டால் அன்று அந்த நீர் வேண்டாம். குளோரின் கிடைக்காத நாளில் கொதிக்க வைப்பது ஒன்றே நம்பகமான மாற்று: தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகளைக் குளோரினால் அழிக்க முடியாது, கொதிநீரில் அவை சாகும்.

10. சோதனை

தினமும்: இடைவேளைக்கு முன் மீதக் குளோரின். எண்ணை நோட்டில் எழுதுங்கள். எழுதாத சோதனை ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை: ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி. குழந்தைகள் குடிக்கும் குழாயிலிருந்து நிரப்பி, அறை வெப்பத்தில் 48 மணி நேரம் வையுங்கள். கறுத்தால் மலக்கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம். வேலை முடிந்த குப்பியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிய பிறகே கொட்டுங்கள்.

தொடங்கும் முன்னும் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையும்: ஆய்வகத்தில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி). 100 மி.லி. நீரில் ஒன்றும் இருக்கக் கூடாது. முதல் பருவத்தின் முடிவில் ஒருமுறை ஈயமும் துத்தநாகமும் பார்த்துவிடுங்கள்.

11. யார், எப்போது

இரண்டு பெரியவர்களின் பெயர் எழுத்தில் இருக்கட்டும். ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர் குளோரின் போடுவார். மாணவர் குழு அளவுகோலைப் படிக்கலாம், பீலியில் இலை தெரிந்தால் சொல்லலாம். குளோரினும் ஏணியும் அவர்கள் வேலை அல்ல.

மழைக்காலத்துக்கு இரண்டு வாரம் முன்: கூரையைக் கூட்டி, பீலி கழுவி, வலைகளில் கிழிசல் பார்த்து, டிரம் மூடியைக் கழற்றி மணலைக் கொட்டுங்கள். மட்டம் அடியில் இருக்கும் இந்த நேரமே தொட்டி கழுவவும் ஏற்றது. ஒரு தொட்டியைக் கழுவி நிரம்பவிட்டு, பிறகு மற்றதைத் தொடுங்கள்.

நீண்ட வறட்சிக்குப் பிந்தைய முதல் மழை: 100 லிட்டர் டிரம் இருந்தாலும் அந்த மழையை முழுவதும் வெளியே விடுங்கள். இதற்காகத்தான் தொட்டிக்கு முன் இறங்கு குழாயில் கழற்றி மாட்டும் ஒரு துண்டு வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை: வலைப் பெட்டி, டிரம்மின் துளை. ஒரு குச்சியைத் துளையில் விட்டுக் குத்தினால் ஒரு நிமிட வேலை.

வறட்சியில் திங்கள்தோறும்: நீர்மட்டம். இரண்டு தொட்டியும் சேர்ந்து 1 செ.மீ. என்றால் 160 லிட்டர். ஐந்து பள்ளி நாளில் 8 செ.மீ. இறங்கலாம். 12 இறங்கியிருந்தால் கசிவோ வேறு உபயோகமோ இருக்கிறது. அந்த வாரமே தேடுங்கள்.

விடுமுறை முடிந்ததும்: 300 லிட்டர் தொட்டியில் கிடந்த பழைய நீரைக் கொட்டிக் கழுவுங்கள். குழாய்களில் தேங்கிய நீரையும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் அன்றைய குளோரின்.

12. சோதனை தவறினால், அல்லது தொட்டியில் ஏதாவது செத்துக் கிடந்தால்

குடிக்கும் குழாய்களை உடனே மூடி, இரண்டாம் தொட்டிக்கு மாறுங்கள். இரண்டும் சந்தேகம் என்றால் அன்று கொதிக்க வைத்த நீர்தான்.

குப்பி கறுத்தால் முதலில் நோட்டைப் பாருங்கள். அன்று மீதக் குளோரின் 0.2க்குக் கீழே இருந்தால் காரணம் அளவு அல்லது பழைய பவுடர். புதுக் கரைசலோடு வாளிச் சோதனையை மறுபடி செய்து, மறு குப்பி வையுங்கள். குளோரின் சரியாக இருந்தும் கறுத்தால் 300 லிட்டர் தொட்டியின் உட்புறத்தையும் குழாய் முனைகளையும் தேய்த்துக் கழுவுங்கள். குழாய் வாயில் கைபட்டு ஒட்டிய அழுக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாதிரி எடுக்கும் முன் குழாய் முனையைத் துடைத்துச் சற்று நீர் ஓடவிட்டீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்த பிராணி கிடந்தால் எடுத்துவிட்டுக் குளோரின் கூட்டினால் போதாது. நீரை முழுவதும் வடித்து, எட்டாம் படியில் சொன்னபடி தேய்த்துக் கிருமிநீக்கி, அது நுழைந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே மீண்டும் நிரப்புங்கள். ஓட்டை அகப்படவில்லை என்றால் பகலில் தொட்டிக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மூடியை முக்கால் அளவு சாத்திவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வழிந்தோடும் குழாயின் வலை ஒரு மூலையில் கழன்றிருக்கும்.